மால்டா, கோசோ, கொமினோ: பிள்ளைகளோடு கடலில் இறங்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கி.மீ. தள்ளி, மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கிறது மால்டா நாடு. மூன்று தீவுகளையும் கூட்டினால் 316 சதுர கி.மீ. மால்டா தீவின் நீளம் 27 கி.மீ., கோசோவின் நீளம் 14 கி.மீ.; இரண்டுக்கும் நடுவில் குட்டித் தீவாகக் கொமினோ. கரையின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. மணல் உள்ள இடங்கள் குறைவு. அவற்றிலும் எல்லா நாளும் எல்லா இடமும் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. நடக்கப் பழகும் குழந்தையிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு வரும் குடும்பங்களை மனதில் வைத்தே இந்தப் பதில்கள்.

எந்தக் கடற்கரை நல்லது?

இந்தக் கேள்விக்கு முதல் நாள் இரவே பதில் சொல்ல முடியாது. காலையில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். தீவு சிறியது என்பதில் ஒரு வசதி உண்டு: ஒரு பக்கம் அலை அடித்தால், மறுபக்கம் பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். காரில் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பக்கம் மாறிவிடலாம். இதைத் தெரியாமல், இணையத்தில் படம் பார்த்து "செவ்வாய்க்கிழமை கோல்டன் பே, புதன்கிழமை ரம்லா" என்று அட்டவணை போட்டுக்கொண்டு வருபவர்கள்தான் சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

காற்றை எப்படிப் பார்ப்பது? எந்தக் காற்றுக்கு எந்தக் கரை?

வானிலைச் செயலியில் மழை, வெப்பத்தோடு காற்றின் திசையும் வேகமும் இருக்கும். "வடமேற்கு" என்று போட்டிருந்தால் வடமேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். அந்தத் திசையைப் பார்த்துத் திறந்திருக்கும் விரிகுடாக்களைத் தவிர்க்க வேண்டும்.

இங்கே அதிகம் வீசுவது வடமேற்குக் காற்று. உள்ளூரில் அதன் பெயர் மஜிஸ்த்ரால். அது வலுத்தால் மேற்குக் கரையில் உள்ள கோல்டன் பே, ஐன் துஃபீஹா, ஜ்னெய்னா மூன்றிலும் அலை எழும்பும். அன்றைக்குக் கிழக்கு, தெற்குப் பக்கம் போங்கள்: மால்டாவில் மெல்லீஹா விரிகுடா அல்லது பிர்செப்புஜாவின் பிரிட்டி பே, கோசோவில் ஹொண்டொக், இம்ஜார் இஷ்-ஷினி.

வடகிழக்குக் காற்றின் பெயர் கிரிகால். அது மெல்லீஹாவுக்குள்ளும், கோசோவின் ரம்லா, சான் பிளாஸ் இரண்டுக்குள்ளும் நேராக நுழையும். அன்றைக்கு மேற்கே உள்ள கோல்டன் பேயும், கோசோவில் ஷ்லெண்டியும் அமைதியாக இருக்கும். தென்கிழக்கிலிருந்து வரும் ஷ்லொக் புழுக்கத்தையும் சில சமயம் சகாராவின் தூசியையும் கொண்டுவரும். ஹொண்டொக் கரையை அது கலக்கிவிடும்.

காற்று நின்றவுடன் கடலும் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். பலத்த காற்றுக்குப் பிறகு அலை அடங்க ஒரு நாள் கூட ஆகும். அதனால் முந்தைய நாள் காற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கடலின் ஏற்றவற்றம் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். மால்டாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாண் அளவுதான். காலையில் இடுப்பளவு இருந்த இடம் மாலையிலும் ஏறக்குறைய இடுப்பளவே இருக்கும். ஆனால் சில நாட்களில், காற்றே இல்லாதபோதும், விரிகுடாவுக்குள் நீர் சில நிமிட இடைவெளியில் ஏறி இறங்கி ஏறும். மீனவர்கள் இதை மில்கூபா என்பார்கள். மேலே காற்றழுத்தம் சட்டென்று மாறுவதால் ஏற்படுவது. பெரும்பாலும் விரற்கடை அளவோடு போய்விடும். அபூர்வமாக ஒரு மீட்டர் வரை போனதும் உண்டு. தண்ணீர் திடீரெனப் பின்வாங்குவதைப் பார்த்தால் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துக்கொண்டு சிறிது நேரம் பொறுங்கள்.

நீச்சல் தெரியாத சின்னக் குழந்தைக்கு எது?

மெல்லீஹா விரிகுடா. உள்ளூர்க்காரர்கள் ஆடிரா என்பார்கள். நாட்டிலேயே நீளமான மணற்கரை, சுமார் 800 மீட்டர். அடித்தளம் மணல், சரிவு மிகக் குறைவு. பெரியவர் ஒருவர் ஐம்பது மீட்டர் நடந்த பிறகும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. சாலை கரையை ஒட்டியே போவதால் தள்ளுவண்டியை இறக்குவது எளிது. பேருந்து நிறுத்தமும் அங்கேயே. தலைநகர் வலெட்டாவிலிருந்து 41, 42 எண் பேருந்துகள் வரும். கழிப்பறை, குளியல் குழாய், கடைகள், கோடையில் உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. கூட்டமும் உண்டு, ஆகஸ்டில் பாய் விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது தேர்வு பிரிட்டி பே. எதிரே சரக்குத் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள் நிற்பதால் சுற்றுலாப் புத்தகங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. படம் எடுக்க வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான்; மூன்று வயதுக் குழந்தைக்கோ கிரேனும் கப்பலும் வேடிக்கை. மணல் மென்மையானது, நீர் ஆழமில்லாதது, கரையை ஒட்டி ஊர் இருப்பதால் மருந்துக்கடையும் பேக்கரியும் நடக்கும் தூரத்தில். வலெட்டாவிலிருந்து 82 எண் பேருந்து.

வடமுனையில் அர்மியர் நல்லது, சிறியது, ஆழமில்லாதது. வடகிழக்குக் காற்று இல்லாத நாளாகப் பாருங்கள்.

ஸ்லீமாவில் தங்கியிருப்பவர்கள், ஃபொண்ட் ஆடிர் என்னும் இடத்தில் பாறையில் சதுரமாக வெட்டிய பழைய குளிக்கும் தொட்டிகளைப் பார்க்கலாம். கடல் நீர் வாய்க்கால் வழியாக உள்ளே வந்து போகும். அலை இல்லாத காலையில், உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு ஏற்ற இடம். தொட்டியின் அடியில் பாசி வழுக்கும். காலணி இல்லாமல் இறக்க வேண்டாம்.

ஆடிராவில் கரையோரம் ஆழமில்லையே, பிறகென்ன பயம்?

மிதவைப் பொம்மைதான் பயம். இந்த விரிகுடாவின் பின்னால் ஒரு தாழ்ந்த பள்ளத்தாக்கு தீவின் மேற்குக் கரை வரை போகிறது. மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் அது அந்தப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலையே இருக்காது, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், எல்லாரும் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில் காற்றடைத்த மெத்தையிலோ பொம்மை வாத்திலோ உட்கார்ந்த பிள்ளை, நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆழத்துக்குப் போய்விடும். பொம்மை பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும். நீந்திப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கே கடினம்.

கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும் நாளில் காற்றடைத்த எதையும் தண்ணீரில் இறக்காதீர்கள். கரையில் நிற்கும் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பந்து அடித்துக்கொண்டு போனால் விட்டுவிடுங்கள். பந்துக்குப் பின்னால் யாரும் நீந்தக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கையில் மாட்டும் மிதவையும் இடுப்பு வளையமும் உயிர்காக்கும் கருவிகள் அல்ல. வளையம் தலைகீழாகக் கவிழும், கைமிதவை நழுவும். பிள்ளையின் எடைக்கு ஏற்ற, தொடைக்கிடையில் வார் போட்டுக் கட்டும் மிதவைச் சட்டை வாங்குங்கள். அதைப் போட்ட பிறகும் பெரியவர் கை எட்டும் தூரத்தில்தான் நிற்க வேண்டும்.

கொடிகளின் நிறத்துக்கு என்ன பொருள்?

பச்சை என்றால் இறங்கலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. நீச்சல் தெரியாத பிள்ளைகளைப் பொறுத்தவரை மஞ்சளையும் சிவப்பாகவே எடுத்துக்கொள்வது நல்லது. சிவப்பு என்றால் ஆபத்து, இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டிருக்கிறது. ஊதா பறந்தால் ஜெல்லி மீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன.

பலர் குழப்பிக்கொள்வது நீலக் கொடி. அது தண்ணீரின் தரம், வசதிகள், பராமரிப்புக்காக ஆண்டுதோறும் கொடுக்கப்படும் சான்றிதழ். இன்று கடல் எப்படி இருக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நீலக் கொடியும் சிவப்புக் கொடியும் ஒரே கரையில் ஒன்றாகப் பறக்கலாம்.

உயிர்காப்பாளர்கள் முக்கிய மணற்கரைகளில் கோடைக்காலப் பகல் நேரத்தில்தான் இருப்பார்கள். பாறைக் குடாக்களில் யாரும் இருக்க மாட்டார்கள், கொடியும் இருக்காது.

நீர் உள்ளே இழுக்கும் என்கிறார்களே, எந்தக் கரைகளில்?

கோல்டன் பே, ஐன் துஃபீஹா, கோசோவின் ரம்லா. மூன்றும் அழகான மணற்கரைகள். மூன்றிலும் அலை உள்ள நாளில் இழுப்பு நீரோட்டம் உருவாகும். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணலில் பள்ளமான இடம் எங்கோ அங்கே ஒன்றுகூடி ஆறு போலக் கடலுக்குள் ஓடும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாகவும் கொஞ்சம் கலங்கலாகவும் தெரிந்தால், அதுதான். இறங்க நல்ல இடம் என்று பெற்றோர் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அதே இடம்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துப்போவீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கி, கையைத் தூக்கி அசையுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து கரையேறுங்கள். வேறொருவர் மாட்டியதைக் கரையிலிருந்து பார்ப்பவர், மிதக்கும் எதையாவது கையில் எடுக்காமல் உள்ளே குதிக்கக் கூடாது. உயிர்காப்பாளர் இல்லையென்றால் அவசர எண் 112ஐ அழையுங்கள்.

ரம்லாவைத் தவிர்த்துவிட வேண்டுமா?

இல்லை. கடல் அடங்கிய நாளில் கோசோவின் மிகச் சிறந்த இடம் அதுதான். மணல் செம்மண் நிறம்; மணல் வீடு கட்ட அருமையானது. கடலை நோக்கி நின்றால் ஓரங்களில் தண்ணீருக்கடியில் பாறைகள் உண்டு. குழந்தைகளை நடுப்பகுதியில் இறக்குங்கள். பின்னால் உள்ள மணற்குன்றுகள் மால்டாவில் எஞ்சியிருக்கும் மிகச் சில குன்றுகளில் ஒன்று, பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் மீது ஏறி விளையாட விடாதீர்கள். கோசோவின் தலைநகர் விக்டோரியாவிலிருந்து பேருந்து வருகிறது, ஆனால் நேர இடைவெளி அதிகம். திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

பக்கத்துக் குடாவான சான் பிளாஸிலும் அதே செம்மணல், கூட்டம் குறைவு. ஆனால் இறங்கும் பாதை மிகச் செங்குத்து. இறங்கும்போது சிரிப்பு வரும்; மதிய வெயிலில், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறும்போது வராது. ஐன் துஃபீஹாவும் அப்படித்தான், அங்கே சுமார் 200 படிகள்.

நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கு, மீன் பார்க்க, ஸ்நார்கல் (மூச்சுக்குழாய்) போட எங்கே போகலாம்?

ஹொண்டொக் இர்-ருமியென் முதலிடம். கோசோவின் ஆலா ஊருக்குக் கீழே, கொமினோவைப் பார்த்த குடா. சின்ன மணல் திட்டு ஒன்று உண்டு; அதை ஒட்டிப் பாறைத் திண்ணையும் இரும்பு ஏணிகளும். நீர் தெளிவானது. ஒரு பக்கம் சின்னவர்கள் கால் நனைக்க, மறுபக்கம் பெரிய பிள்ளைகள் ஏணி வழியாக இறங்கி மீன் பார்க்க, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கண் வைக்கலாம். இந்த வசதி வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

இம்ஜார் இஷ்-ஷினி இரு மலைச்சுவர்களுக்கு நடுவே நீண்டு உள்ளே வரும் குடா. கூழாங்கற்கரை. காற்றுக்கு நல்ல மறைப்பு. இறங்கும் சாலை குறுகலானது. எதிரே வண்டி வந்தால் பின்னால் போகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஷ்லெண்டியில் மணல் ஒரு முற்றத்தளவுதான், ஆனால் குடா நீளமானது. இரு ஓரங்களிலும் ஏணிகள் உண்டு. உணவகங்கள் தண்ணீரை ஒட்டியே இருப்பதால் தாத்தா பாட்டியோடு வரும் குடும்பங்களுக்கு இது பிடிக்கும். விக்டோரியாவிலிருந்து 306 எண் பேருந்து.

கோசோவில் உள்ள துவெய்ராவின் உள்கடல், மலைக்குள் மாட்டிக்கொண்ட குளம் போன்றது. சுமார் 80 மீட்டர் நீளமுள்ள குகைவழி அதை வெளிக்கடலோடு இணைக்கிறது. கூழாங்கல் ஓரத்தில் பிள்ளைகள் நீந்தலாம். ஆனால் அந்தக் குகைக்குள் நீந்தவே கூடாது. மீனவர்களின் சிறு படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. படகில் போய்ப் பார்ப்பதே சரி. அருகில் இருந்த புகழ்பெற்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது; பழைய படங்களைப் பார்த்து அதைத் தேடி வர வேண்டாம்.

கோசோவின் வீட் இல்-அஸ்ரி என்ற ஒடுக்கமான பள்ளத்தாக்குக் குடாவின் படம் இணையமெங்கும் இருக்கிறது. வடக்கைப் பார்த்துத் திறந்தது. வடக்கிலிருந்து அலை வந்தால் அந்த ஒடுக்கத்தில் நீர் பொங்கி மோதும், ஒதுங்க இடமிருக்காது. கடல் முற்றிலும் அடங்கிய நாளில், நன்றாக நீந்தும் பெரிய பிள்ளைகளோடு மட்டும்.

பாறையிலிருந்து குதிக்க விடலாமா?

மால்டா தீவின் செயின்ட் பீட்டர்ஸ் பூல் போன்ற இடங்களில் குதிப்பவர்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்கும் கை கால் பரபரக்கும். முதலில் ஏணி வழியாக இறங்கி, முகமூடி போட்டு அடியைப் பாருங்கள். தெளிந்த நீரில் ஆழம் ஏமாற்றும். அடுத்து, எந்த வழியாக மேலே ஏறுவது என்று பாருங்கள். ஏறும் வழி தெரியாமல் குதிக்கக் கூடாது. அலை கொஞ்சம் எழும்பினாலும் ஏணிப்படியே ஆளை அடிக்கும். கால் முதலில், ஒருவர் பின் ஒருவராக. தலைகீழாகக் குதிப்பது எந்த உயரத்திலிருந்தும் வேண்டாம்.

நீந்துவோருக்கான பகுதியைப் பல இடங்களில் மிதவைகளால் பிரித்திருக்கிறார்கள். அதற்கு வெளியே வேகப்படகுகள் ஓடும்.

கொமினோவின் நீலக் காயலுக்கு (ப்ளூ லகூன்) பிள்ளைகளோடு போகலாமா?

போகலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீரின் நிறம் படத்தில் உள்ளது போலவே இருக்கும். படத்தில் தெரியாதவை: மணல் கையகலம், மீதியெல்லாம் சூடேறிய பாறை, மரநிழல் கிடையாது, படகுகள் வரிசையாக நிற்கும். கொமினோவுக்கும் பக்கத்துக் குட்டித் தீவுக்கும் நடுவில் உள்ள வாய்க்காலே இந்தக் காயல் என்பதால், காற்றுள்ள நாளில் நீரோட்டம் குறுக்கே ஓடும். நீந்தத் தெரியாத குழந்தை ஓரத்தில் மட்டும்.

2025 முதல் கரையில் இறங்க முன்பதிவு தேவை. கட்டணம் இல்லை, இணையத்தில் நாளும் நேரப்பகுதியும் தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் செய்யும் குறியீடு வரும். படகு டிக்கெட் வேறு, இந்தப் பதிவு வேறு. படகுக்காரர் உங்களுக்காகப் பதிவு செய்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் படகில் போய், சுற்றுலாக் கப்பல்கள் வரும் பத்தரை, பதினொரு மணிக்குள் குளித்து முடித்துவிடுவது நல்லது. அதன் பிறகு வெயிலும் கூட்டமும் சேர்ந்து பிள்ளைகளை அழவைத்துவிடும். நடக்கத் தயங்காத குடும்பம் என்றால் அதே தீவின் சாண்டா மரியா குடாவுக்கு நடந்துவிடலாம். மரங்கள் உண்டு, நீரும் ஆழமில்லாதது.

எந்த மாதம் வருவது?

கடல் நீரின் வெப்பத்தைப் பாருங்கள்: மே மாதம் சுமார் 18–19 டிகிரி, ஜூனில் 21–22, ஜூலையில் 25, ஆகஸ்டில் 26–27, செப்டம்பரில் 25–26, அக்டோபரில் 23 அளவில். மே மாத வெயிலை நம்பி டிக்கெட் போடுபவர்கள் தண்ணீரில் கால் வைத்ததும் பின்வாங்குகிறார்கள். சென்னைக் கடலின் வெதுவெதுப்புக்குப் பழகிய பிள்ளைக்கு 19 டிகிரி நடுக்கம் தரும், பத்து நிமிடத்தில் உதடு நீலமாகும். பள்ளி விடுமுறை ஒத்துவந்தால் செப்டம்பரே சிறந்தது. கடல் சூடாகவே இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும்.

தவிர்க்க வேண்டிய வாரம் ஆகஸ்ட் 15ஐ ஒட்டியது. சாண்டா மரியா திருநாள். மால்டாவில் பாதிப்பேர் கோசோவுக்குக் கிளம்புவார்கள். காரோடு படகுத்துறையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் இடிமழை திடீரென்று கொட்டும். தெருத் தண்ணீர் முழுவதும் பள்ளத்தாக்குகள் வழியாகக் குடாக்களில்தான் வந்து சேரும். ஷ்லெண்டி அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தாக்கின் வாய். பெருமழைக்குப் பிறகு ஓரிரு நாள் அங்கே பிள்ளைகளைக் குளிக்க விட வேண்டாம். வயிற்றுப்போக்கும் காதுவலியும் அப்படித்தான் வருகின்றன.

ஜெல்லி மீன் கொட்டினால் என்ன செய்வது?

இங்கே தொல்லை தருவது ஊதா நிறத்தில், உள்ளங்கையளவே இருக்கும் ஒரு வகை. கோடை முடிவில் பொரித்த முட்டை போல மஞ்சள் நடுவோடு மிதக்கும் பெரியது வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

கொட்டிய இடத்தைத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள். இரண்டும் ஒட்டியிருக்கும் நச்சுப் பைகளை வெடிக்க வைக்கும். கடல் நீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளைப் பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் மெதுவாக வழித்தெடுங்கள். சமையல் சோடாவும் கடல் நீரும் சம அளவு குழைத்து இரண்டு நிமிடம் பூசி வழித்துவிட்டு, துணியில் சுற்றிய ஐஸ் பையை ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வையுங்கள். எல்லாரும் சொல்லும் வினிகர் வேறு கடல்களின் வேறு வகைகளுக்கு உதவும். இந்த ஊதா வகைக்கு வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், வாந்தி இருந்தால் உடனே 112. சமையல் சோடா ஒரு சின்ன டப்பாவில் எப்போதும் பையில் இருக்கட்டும். கடற்கரைக் கடையில் கிடைக்காது.

வேறு எவையெல்லாம் குத்தும், கடிக்கும்?

பாறையில் கடல் முள்ளெலி. நீர்க் காலணி போட்டால் பிரச்சினை பெரும்பாலும் முடிந்தது. முள் ஏறிவிட்டால் வெதுவெதுப்பான வினிகரில் ஊறவைத்து, இடுக்கியால் நேராக இழுங்கள். பிதுக்கினால் உள்ளேயே முறியும். மூட்டருகே ஏறியதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெருப்புப் புழு என்று ஒன்று பாறை இடுக்குகளில் ஊரும்; ஆரஞ்சும் பச்சையுமாக, ஓரத்தில் வெள்ளை மயிரோடு அழகாக இருக்கும். பிள்ளைகள் கையில் எடுக்கத்தான் பார்ப்பார்கள். அந்த மயிர் தோலில் ஏறி எரியும். ஒட்டும் டேப்பை ஒட்டிப் பிய்த்து எடுக்க வேண்டும்.

மணலில் புதைந்து கிடக்கும் விஷமுள் மீன் அபூர்வம். ஆழமில்லாத நீரில் மிதித்துத் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் அதுவாக இருக்கலாம். கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரிக்குச் சற்று மேல், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காலை வெந்நீரில் வையுங்கள். சூட்டைப் பெரியவர் கை வைத்துப் பார்த்த பிறகே பிள்ளையின் காலை இறக்க வேண்டும். பக்கத்து உணவகத்தில் கேட்டால் வெந்நீர் தருவார்கள்.

கரையில் பழுப்பாகக் குவிந்து கிடப்பது குப்பையா?

இல்லை. கடற்புல்லின் உதிர்ந்த இலைகள். அடியில் கடற்புல் வெளி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். குளிர்கால அலையிலிருந்து மணலைக் காப்பதும் இந்தக் குவியல்தான். வாடை கொஞ்சம் வரும். தள்ளிப் பாய் விரித்தால் போதும்.

பெண்கள் முழு உடையோடு தண்ணீரில் இறங்கலாமா?

இறங்கலாம், கடற்கரையில் உடலை மூடும் உடைக்குத் தடை இல்லை. மேலாடை இல்லாமல் குளிப்பதுதான் மால்டாவில் கூடாது. கவனிக்க வேண்டியது துணியின் வகை. பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் நனைந்தால் கனக்கும், காலில் சுற்றும். தடுமாறும் குழந்தையைத் தூக்க வேண்டிய நேரத்தில் அதுவே ஆபத்து. முழுக்கை நீச்சல் சட்டையும் நீளக் கால்சட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் அதே, வெயிலுக்காக. ஜூன், ஜூலை நண்பகலில் புற ஊதாக் குறியீடு 10ஐத் தொடும். மாநிறத் தோல் கருகாது என்ற நம்பிக்கை இங்கே பலிக்காது. வெள்ளைப் பாறையும் நீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும். 11 மணி முதல் 4 மணி வரை அறையில் தூக்கம், பிறகு மீண்டும் கடல். ஜூலையில் சூரியன் மறையவே இரவு எட்டு மணி தாண்டும்; மாலைக் குளியலுக்கு நேரம் தாராளம்.

குடை, நாற்காலிக்குக் கட்டாயம் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். கரை எல்லாருக்கும் பொது. வாடகைக் குடையும் சாய்வு நாற்காலியும் விரும்புவோருக்கு மட்டும். சொந்தக் குடையை ஊன்றலாம். சூப்பர் மார்க்கெட்டில் குடை வாங்கினால் ஓரிரு நாள் வாடகையில் கணக்கு நேராகிவிடும். கோசோவின் சிறு குடாக்களில் நிழலே இருக்காது, அங்கே குடை இல்லாமல் போகவே வேண்டாம்.

சாப்பாடு, தண்ணீர்?

குழாய் நீர் பெரும்பாலும் கடல் நீரைச் சுத்திகரித்தது; குடிக்கலாம், சுவை பிடிக்காது. பாட்டில் நீரை நிறைய எடுத்துச் செல்லுங்கள். ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது பட்டாணி வைத்த பஸ்தீட்சி என்னும் பேஸ்ட்ரி மலிவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எண்ணெயும் தக்காளியும் தடவிய உள்ளூர் ரொட்டியில் பெரும்பாலும் டூனா மீன் வைப்பார்கள். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோசோவுக்கு எப்படிப் போவது?

மால்டாவின் வடமுனை சிர்கெவ்வாவிலிருந்து கோசோவின் இம்ஜார் துறைமுகத்துக்குக் கார் ஏற்றும் பெரிய படகு, 25 நிமிடம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டார்கள். கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் இரு வழிக்கும் சேர்த்துக் கட்டணம். வலெட்டாவிலிருந்து கார் ஏற்றாத விரைவுப் படகும் உண்டு, முக்கால் மணி நேரம். அலை அதிகமான நாளில் அது ரத்தாகும், குழந்தைகளுக்குக் குமட்டும்.

ஊர்ப்பெயர்களில் கவனம். இம்ஜார் என்று மால்டாவிலும் ஒரு ஊர் இருக்கிறது, ஜ்னெய்னா கரைக்குப் பக்கத்தில். ரம்லா என்று தேடினால் மால்டாவின் வடமுனையில் உள்ள வேறொரு குடாவையும் வரைபடம் காட்டும். செயின்ட் ஜார்ஜஸ் பே இரண்டு: ஒன்று செயின்ட் ஜூலியன்ஸில், இன்னொன்று பிர்செப்புஜாவில். எந்தத் தீவு, எந்த ஊர் என்பதைச் சேர்த்தே செயலியில் தேடுங்கள்.

வண்டிகள் நம்மூர் போலவே இடப்பக்கம் ஓடுவதால் வாடகைக் கார் ஓட்டுவது எளிது. குழந்தை இருக்கை கட்டாயம். முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள்.

காலை எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

கோடையில் ஒன்பதரைக்குள் கரையில் இருந்தால் கார் நிறுத்த இடம் கிடைக்கும். பத்தரைக்கு மேல் ஆடிராவிலும் கோல்டன் பேயிலும் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் குடும்பங்கள் அடுப்போடும் மேசையோடும் வருவார்கள். அன்றைக்குப் பாறைக் குடாவுக்குப் போய்விட்டு, மணற்கரையைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரம் என்றால் எந்த மருத்துவமனை?

எல்லா அவசரத்துக்கும் எண் 112. ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் பேசுவதில் சிரமமில்லை. மால்டாவில் மாட்டர் டெய் மருத்துவமனை, கோசோவில் விக்டோரியாவில் உள்ள கோசோ பொது மருத்துவமனை. 112ஐ அழைக்கும்போது குடாவின் பெயரோடு அருகிலுள்ள ஊரின் பெயரையும் சொல்லுங்கள். தண்ணீர் குடித்த பிள்ளை இருமி எழுந்து விளையாடினாலும், அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு வேகமானாலோ, இருமல் நிற்காவிட்டாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ, காலை வரை காத்திராமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.